வேலிக் கடப்படியில் திரும்புகிறவர்களுக்காக

லண்டனிலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் பழைய மாணவர் சங்கங்களின் பெயரில் மலைநடை ஒழுங்கு செய்கிற அன்பர்களுக்கு,

இந்த ஆண்டுக்கான அறிவித்தல்கள் வட்ஸ்அப்பில் வரத் தொடங்கிவிட்டன. எனக்கே மூன்று வந்திருக்கின்றன. மூன்றிலும் ஒரே படம். மேகத்துக்கு மேலே கத்தி விளிம்பு மாதிரி ஒரு முகடு, அதன்மேல் எறும்பு வரிசையாகச் சில மனிதர்கள். படத்துக்குக் கீழே, "குடும்பத்தோடு வாருங்கள், மத்தியானச் சாப்பாடு உண்டு."

அந்தப் படத்தில் இருப்பது நீங்கள் போகப்போகிற வழி அல்ல. அது கிரிப் கோக். நீங்கள் சனங்களைக் கூட்டிப்போவதாகச் சொல்வது பிக் பாதை வழியாக, நாங்கள் ஸ்னோடன் என்று சொல்லிப் பழகிய அர் விட்வா மலையின் உச்சிக்கு. இரண்டும் ஒரே கார் தரிப்பிடத்தில் தொடங்குகின்றன. முக்கால் மணி நேரம் ஒரே பாதையில்தான் போகின்றன. சிக்கலும் அதுதான்.

நான் உங்களுக்கு அந்நியன் இல்லை. உங்கள் ஒன்றுகூடல்களில் ரோல்ஸ் தின்றிருக்கிறேன், அதிர்ஷ்டச் சீட்டு விற்றிருக்கிறேன், ஒரு காலத்தில் இந்த நடைகளை நானே ஒழுங்கு செய்தும் இருக்கிறேன். வெளியே நின்று குறை சொல்கிறான் என்று இந்த மடலைத் தள்ளிவிடாதீர்கள். நடையை நிறுத்தச் சொல்லியும் எழுதவில்லை. நடையில் சேருகிற காசில் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீர்த் தாங்கி வருகிறது, வாங்கும் மேசையும் வருகிறது என்று எனக்குத் தெரியும். நான் கேட்க வந்தது வேறு. அதற்கு முன்னால் போன வருட ஜூன் மாதத்து ஒரு சனிக்கிழமையைச் சொல்லவேண்டும்.

நானும் என் கூட்டாளியும் அன்று விடிய ஆறு மணிக்கு பென்-இ-பாஸில் நின்றோம். பள்ளியில் ஒரே வாங்கில் இருந்தவன். இப்போது தென் லண்டனில் பஸ் ஓட்டுகிறான். இரண்டு பேருக்கும் ஐம்பத்தைந்து தாண்டிவிட்டது. அங்கே கார் விட முன்கூட்டியே பதியவேண்டும் என்பதால் ஏப்ரலிலேயே அவன் பதிந்து வைத்திருந்தான். கிரிப் கோக், அதன் பிறகு கார்னெத் இகெய்ன், அர் விட்வா, லிவெத் என்று ஏரியைச் சுற்றி லாடம் போல வளைந்து இறங்குவது திட்டம். பன்னிரண்டு கிலோமீற்றருக்குள்தான். ஆனால் ஏழெட்டு மணி நேரம் பிடிக்கும்.

பாதை ஏறி ஏறி ஒரு கணவாயில் வந்து நிற்கும். புல்க் அ மோக் என்று பெயர். வெல்ஷ் மொழியில் பன்றிகளின் கணவாய் என்று பொருள். அங்கே எங்கள் ஊர் வேலிக் கடப்பு மாதிரி ஒன்று உண்டு. பிக் பாதை அதில் இடப்பக்கம் சரிந்து மலையின் விலாவோடு போகிறது. நேரே மேலே ஏறுகிற தடம் கிரிப் கோக்குக்கு. எனக்கு அந்த மலையில் முக்கியமான இடம் உச்சியோ முகடோ இல்லை, அந்தக் கடப்படிதான்.

என் கூட்டாளி அங்கே வந்ததும் முதுகுப் பையை இறக்கி வைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்பான். எத்தனை தரம் வந்தாலும் கேட்பான்.

"உனக்கு இண்டைக்கு எப்பிடி?"

இதற்கு "பரவாயில்லை" என்று பதில் சொல்லக்கூடாது. அது அவன் வைத்த சட்டம். பரவாயில்லை என்றால் எங்களில் பாதிப்பேருக்கு "சரியில்லை, ஆனால் உனக்குக் கரைச்சல் தர விரும்பவில்லை" என்றுதான் அர்த்தம் என்பான். ஆகவே, நித்திரை எப்படி, முழங்கால் எப்படி, காற்றைப் பார்த்தால் மனம் என்ன சொல்கிறது என்று விரித்துச் சொல்லவேண்டும். அவனும் சொல்வான். ஒருவர் வேண்டாம் என்றால் இரண்டு பேரும் இடப்பக்கம். காரணம் கேட்பதில்லை. அன்று இரண்டு பேரும் போவம் என்றோம். காற்றுக் குறைவு, பாறை காய்ந்திருந்தது, பத்து மணியளவில் மேகம் கலையும் என்றிருந்தார்கள்.

ஸ்கிராம்பிளிங் என்று இங்கே சொல்வதற்கு எங்களிடம் ஒற்றைச் சொல் இல்லை. நடையும் இல்லை, கயிறு கட்டி ஏறும் மலையேற்றமும் இல்லை. நடுவில் நின்று கையையும் காலாக்கிக்கொண்டு போவது. குழந்தை மாடிப்படி ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள், அது மாதிரி. இந்த நாட்டில் அதற்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று தரம் பிரித்திருக்கிறார்கள். கிரிப் கோக் முதலாம் தரம், அதாவது சுலபமானது. உங்களில் ஒருவர் இதை எனக்கே சொன்னார்: "அது கிரேட் வன் தானே அண்ணை." தரம், பிடி எவ்வளவு கடினம் என்பதைத்தான் சொல்கிறது. பிடி தவறினால் எங்கே போய் விழுவோம் என்பதைச் சொல்வதில்லை. ஒரு அடி அகலப் பலகையில் நடப்பது யாருக்கும் லேசு. அதே பலகையைக் கிணற்றுக்குக் குறுக்கே போட்டு நடக்கச் சொன்னால் லேசா?

கிழக்குச் சரிவில் ஏறும்போது அவன் எனக்கு இரண்டு கை நீளம் முன்னால் போனான். கதைக்கவே மாட்டான். பாறையை விரல் முட்டியால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் பிடிப்பான், நாங்கள் தேங்காய் தட்டி வாங்குவது மாதிரி. வெற்றொலி வந்தால் "இது வேண்டாம்" என்று மட்டும் சொல்வான். இரண்டு கை, இரண்டு காலில் மூன்று எப்போதும் பாறையில் இருக்கவேண்டும், ஒன்று மட்டும் நகரலாம். கேட்க எளிது. பயத்தில் உடம்பு இதை முதலில் மறக்கும். பலர் மிதித்து மிதித்து மினுங்கிப்போன பிடிகளில் சப்பாத்து ஒரு நூல் வழுக்கும்போது பயம் வயிற்றில் வரும் என்பார்கள். எனக்கு முழங்காலின் பின்பக்கத்தில் வந்தது. தையல் மெசின் மாதிரி கால் ஆடியது. குதியை இறக்கிவிட்டு மூச்சு விடு என்றான். ஆட்டம் நின்றது.

மேலே வந்தால் முகடு. வெல்ஷில் கிரிப் என்றால் சீப்பு, கோக் என்றால் சிவப்பு. பொருத்தமான பெயர்தான், உண்மையிலேயே சீப்பின் பற்களுக்கு மேலால் நடப்பது போலத்தான் இருக்கிறது. வலப்பக்கம் வடக்கே ஒன்றுமில்லை, வெறும் காற்று. இடப்பக்கம் சரிவு. தெரிந்தவர்கள் முகட்டின்மேல் நடப்பதில்லை. ஒரு அடி கீழே தெற்குப் பக்கத்தில் காலை வைத்து, முகட்டைக் கைபிடி போலப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நகர்வார்கள். உங்கள் அறிவித்தல் படத்தில் நிமிர்ந்து நடப்பவர்களைப் பார்த்து யாரும் ஏமாறவேண்டாம்.

முகடு தொடங்கும் இடத்தில் இருந்து பாணும் சம்பலும் பிரித்தோம். மேகம் இன்னும் கலையவில்லை. அப்போது கீழே மேகத்துக்குள்ளிருந்து தமிழ் கேட்டது.

"அக்கா, கையை விடாதைங்கோ. கீழை பாக்காதைங்கோ."

வெளிநாட்டில் எதிர்பாராத இடத்தில் தமிழ் கேட்டால் மனம் குளிரும். அன்று எனக்கு வயிறு கலங்கியது.

நீல ரீசேட்டுகள் ஒவ்வொன்றாக மேகத்திலிருந்து வெளியே வந்தன. பதினொரு பேர். கடப்படியில் முன்னால் போனவர்கள் கதைத்துக்கொண்டே யாரோ இரண்டு வெள்ளைக்காரர்களின் பின்னால் நேரே ஏறிவிட்டார்கள். பின்னால் வந்த மிச்சப்பேர் சரியான பாதையில் போய்விட்டார்கள். குழு இரண்டாகப் பிரிந்தது இரண்டு பகுதிக்கும் தெரியாது. எந்தச் சங்கம் என்று எழுதமாட்டேன். உங்களில் யாராக இருந்தாலும் இது நடந்திருக்கும்.

பன்னிரண்டாவது ஆள் வரவில்லை. பதினாறு பதினேழு வயதுப் பிள்ளை. எங்களுக்குக் கீழே செங்குத்தான ஒரு படியில், ஓட்டப் பயிற்சிச் சப்பாத்தோடு, கன்னத்தைப் பாறையில் ஒட்டி வைத்துக்கொண்டு நின்றாள். ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது. மேலே நின்ற ஒழுங்கமைப்பாளர் அவளைப் பார்த்துச் சொன்னார்:

"எல்லாரும் ஏறியாச்சு. நீ மட்டும் என்ன?"

கோபத்தில் சொல்லவில்லை, உற்சாகப்படுத்தத்தான் சொன்னார். நல்ல மனுசன். ஆனால் இன்றைக்கும் எனக்கு அந்த முகட்டை நினைத்தால் பள்ளம் நினைவுக்கு வருவதில்லை, "நீ மட்டும் என்ன" என்ற அந்த மூன்று சொற்கள்தான் வருகின்றன.

என் கூட்டாளி பாணை மடித்து வைத்துவிட்டு இறங்கிப் போனான். அவளுக்குப் பக்கத்தில் போய், ஏறு என்றும் சொல்லவில்லை, இறங்கு என்றும் சொல்லவில்லை. என்ன பாடம் படிக்கிறாய் என்று கேட்டான். இரசாயனம் என்றாள். ஆசிரியர் எப்படி என்றான். கூடாது என்றாள். அவள் சிரிக்கும்வரை அப்படியே நின்றான். பிறகு பாறையைப் பார்த்தபடி இறங்கவைத்தான். அவளுடைய கணுக்காலைக் கையால் பிடித்து ஒவ்வொரு பிடியிலும் வைத்தான். நான் மேலே நின்று அவளுடைய கையைப் பார்த்துக்கொண்டேன், வேறொன்றும் செய்யத் தெரியாமல். மற்றவர்களில் ஐந்து பேரும் எங்களோடு இறங்கினார்கள். முக்கால் மணி நேரத்தில் ஏறிய துண்டை இறங்க இரண்டரை மணி நேரம் எடுத்தது. கிழக்குச் சரிவு ஏறுவதைவிட இறங்கத்தான் கஷ்டம், கால் வைக்கும் இடம் கண்ணுக்குத் தெரியாது. கடப்படியைத் தாண்டியபின் திரும்பலாம் என்பது பேச்சுக்குத்தான்.

பாதைக்கு வந்ததும் அவள் என்னிடம் சொன்னாள்: "அங்கிள், நான் கேற்றடியிலேயே ஏலாது எண்டு சொன்னனான். எல்லாரும் சிரிச்சவை."

எங்களுக்கு அன்று லிவெத் கிடைக்கவில்லை, உச்சியும் கிடைக்கவில்லை. தன் வானுக்கு வந்து சேரும்வரைக்கும் கூட்டாளி ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு, "நான் செய்தது பிழை மச்சான்" என்றான். "அவள் வழுக்கியிருந்தா என்னையும் இழுத்துக்கொண்டு போயிருப்பாள். 999 அடிச்சு, அவளை அசையாமல் இருத்திவைச்சிருக்கவேணும்." அவன் சொன்னது சரி. 999க்கு அழைத்து முதலில் பொலிஸ் என்றும் பிறகு மவுண்டன் ரெஸ்கியூ என்றும் கேட்கவேண்டும். ரெலிபோன் எடுக்காவிட்டால் விசில்: ஒரு நிமிடத்தில் ஆறு தரம், பிறகு ஒரு நிமிடம் சும்மா, திரும்ப ஆறு தரம். வருகிறவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள். வேலையிலிருந்து, சாப்பாட்டு மேசையிலிருந்து எழும்பி வருவார்கள். ஒரு சதம் கேட்கமாட்டார்கள். அதற்காகவே அவர்களைச் சும்மா அலைக்கழிக்கக்கூடாது. உண்மையில் தேவைப்படும்போது கூப்பிட வெட்கப்படவும் கூடாது. அன்று எங்களைத் தடுத்தது அந்த வெட்கம்தான்.

நீங்கள் சொல்லும் பதில்கள் எனக்குத் தெரியும். அர் விட்வா வெறும் 1,085 மீற்றர்தானே, நாங்கள் சிவனொளிபாதமலை ஏறினவர்கள், அது 2,243 மீற்றர், அதுவும் வெறுங்காலோடு என்பீர்கள். நானும் ஏறினவன். அங்கே படி உண்டு, கைபிடி உண்டு, பருவ காலத்தில் இரவெல்லாம் வெளிச்சமும் தேநீர்க் கடையும் உண்டு. உயரத்தை வைத்து மலையை அளந்தால் தப்பாகத்தான் முடியும். எங்கள் குடாநாட்டுக்காரருக்கு இது புரிவது கஷ்டம், கீரிமலையில் மலை எங்கே என்று தேடிவிட்டுக் கேணியில் குளித்துவிட்டு வந்த ஆட்கள் நாங்கள்.

உச்சிக்கு ரயில் போகிறதே என்பீர்கள். போகிறதுதான், 1896 முதல் போகிறது, உச்சியில் கோப்பியும் விற்கிறார்கள். ரயில் போகிற பக்கம் வேறு, இந்தப் பக்கம் வேறு. கோடையில் போகிறோமே என்பீர்கள். கிரிப் கோக்கில் ஆண்டுக்குச் சராசரியாக 4,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை விழுகிறது, யாழ்ப்பாணத்து மழையைப் போல மூன்று மடங்கு. பிரித்தானியாவில் அதிகம் நனைகிற இடங்களில் அது ஒன்று. அங்கே கோடை என்பது நாட்காட்டியில் மட்டும்தான்.

இவ்வளவும் நீங்கள் தேடிப் படித்தே தெரிந்துகொள்ளலாம். படித்துத் தெரியாத ஒன்றையும் எழுதவேண்டும். அது என்னைப் பற்றியது.

எட்டு வருடத்துக்கு முன்னால் இதே நடையை நான் ஒழுங்கு செய்தேன். முப்பது பேர். சரியான காற்று. கடப்படியில் ஒருவன் நின்று, எனக்கு இது சரிவராது, நான் திரும்புகிறேன் என்றான். தனியே போ என்று விட்டுவிட்டோம். அதுவே பெரிய பிழை. அதோடு நான் நிற்கவில்லை. அந்த வருட இராப்போசன விருந்தில் ஒலிவாங்கியைப் பிடித்து, "திரும்பி வந்த வீரர்" என்று அவனுக்கு ஒரு பரிசு கொடுத்தேன். ஒரு பிளாஸ்டிக் ஆமை. மண்டபம் முழுக்கச் சிரித்தது. அவன் மனைவி சிரிக்கவில்லை. அவன் மேடைக்கு வந்து, வாங்கி, கும்பிட்டுவிட்டுப் போனான்.

அவன்தான் இந்தக் கூட்டாளி. அடுத்த வருடம் தன் காசில் பயிற்சி வகுப்புக்குப் போய், வரைபடம் வாசிக்கவும் பாறையில் கால் வைக்கவும் படித்தான். இரண்டு வருடம் கழித்து அவனாகவே என்னைக் கூப்பிட்டான். அந்த ஆமை அவனுடைய வானின் முன்கண்ணாடிக்குக் கீழே இன்றைக்கும் இருக்கிறது. ஒவ்வொரு தரமும் பென்-இ-பாஸ் வரைக்கும் அதைப் பார்த்துக்கொண்டுதான் நான் போகிறேன். ஏன் எடுத்து எறியவில்லை என்று கேட்டதற்கு, "நல்லாத்தானே இருக்கு" என்றான்.

அதனால்தான் அந்தப் பிள்ளை "எல்லாரும் சிரிச்சவை" என்றபோது என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்தச் சிரிப்பை இந்த நடைகளுக்குள் கொண்டுவந்தவர்களில் நான் ஒருவன்.

யோசித்துப் பாருங்கள். எங்கள் கூட்டங்களில் ஏலாது என்று சொல்ல யாருக்கு இடமிருக்கிறது? சாப்பாடு போதும் என்றால்கூட இன்னொரு கரண்டி வைக்கிற ஆட்கள் நாங்கள். பாசம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சோற்றில் ஒரு கரண்டி கூடினால் வயிறு ஊதும், அவ்வளவுதான். பாறையில் ஒரு அடி கூடினால் அப்படி முடியாது. போதும் என்று சொல்பவரின் சொல்லை அங்கே அப்படியே எடுத்துக்கொள்ளவேண்டும். முப்பது பேர் முன்னால், வகுப்புத் தோழர்கள் முன்னால், வருங்காலச் சம்பந்திகள் முன்னால் ஒரு மனிதன் பயமாயிருக்கிறது என்று சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும்! முகட்டைக் கடக்க அவ்வளவு தேவையில்லை. இரண்டையும் செய்து பார்த்தவன் சொல்கிறேன்.

ஆகவே உங்களிடம் கேட்பது இது.

அறிவித்தலில் அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள். ஏரியின் படத்தைப் போடுங்கள், அதுவும் வடிவானதுதான். படத்துக்குக் கீழே, சாப்பாட்டு விபரத்துக்கும் மேலே, இப்படி ஒரு வரி எழுதுங்கள்: "எந்த இடத்திலும் யாரும் திரும்பலாம். திரும்புகிறவரோடு எங்களில் ஒருவர் வருவார்." அந்த ஒருவரை முன்கூட்டியே பெயர் சொல்லி நியமியுங்கள். அவர் செயற்குழுவில் பெரிய ஆளாக இருக்கட்டும், தலைவராகவே இருந்தால் இன்னும் நல்லது. கடைசியாக வருகிற சின்னப் பொடியனிடம் அந்த வேலையைத் தள்ளிவிடாதீர்கள். தலைவரே திரும்பி நடக்கிறார் என்றால் பிறகு யார் சிரிப்பார்?

கடப்படியில் எல்லாரையும் நிறுத்துங்கள். முன்னால் போகிறவர்களையும் கூப்பிட்டு நிறுத்துங்கள். ஆட்களை எண்ணுங்கள். பிறகு ஒவ்வொருவரிடமும், கூட்டத்தில் இல்லை, ஒதுக்கமாக, இண்டைக்கு எப்படி என்று கேளுங்கள். பரவாயில்லை என்றால் திரும்பவும் கேளுங்கள். எல்லாரையும் இடப்பக்கப் பாதையில் அனுப்புங்கள். கிரிப் கோக் போக ஆசைப்படுகிறவர்கள் வேறொரு நாளில், தெரிந்த ஒருவரோடு, இரண்டு மூன்று பேராக வரட்டும். என் கூட்டாளி கூட்டிப்போகமாட்டேன் என்று சொல்லமாட்டான். ஆனால் முதலில் சப்பாத்தைப் பார்ப்பான்.

விருந்துகளில் பரிசு கொடுப்பதென்றால் திரும்பி வந்தவருக்கும் அவரோடு வந்தவருக்கும் கொடுங்கள். ஆமை வேண்டாம்.

இந்த ஜூனில் மூன்று சங்கங்களின் நடைகளும் மூன்று சனிக்கிழமைகளில் வருகின்றன. மூன்று நாளும் காலை எட்டு மணியிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் புல்க் அ மோக் கடப்படியில் நிற்போம். கூட்டாளி லீவு போட்டுவிட்டான். எங்கள் இலக்கத்தை உங்கள் செயலாளர்களுக்கு அனுப்பியிருக்கிறோம். திரும்ப நினைக்கிறவர்கள் யாருக்கும் ஒன்றும் விளக்கவேண்டியதில்லை, எங்களிடம் வந்தால் போதும், கார் தரிப்பிடம் வரைக்கும் கூட வருவோம். பிளாஸ்கில் இஞ்சி போட்ட பிளேன்ரீ இருக்கும். அவன் சீனி குறைவாகத்தான் போடுவான், அதை மட்டும் பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய ஒழுங்கமைப்பாளர்களில் ஒருவன்